பதிமூன்று ஷிப்ட்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் ஆங்கிலத்தில் போட்ட மார்க்ஸின் மூலதனம், முதல் பாகம். அதைப் பிரிக்கவே வேண்டாம். மூடியபடியே கையில் வைத்துத் தாள்களின் ஓரத்தைப் பார்த்தால் போதும், என் படிப்பு யோக்கியதை மொத்தமும் தெரிந்துவிடும். முன்னட்டையிலிருந்து கால் அங்குலத்துக்குக் கைபட்ட கறுப்பு. அதற்கப்புறம், யாரும் தொடாமல் காலம் மட்டுமே தொட்ட ஒரே சீரான மஞ்சள்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நானல்ல.

1994ல் வாங்கினேன். சோவியத் யூனியன் கலைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோவையில் இடதுசாரிப் புத்தகக் கடையில் இருந்த மாஸ்கோ புத்தகங்களையெல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு 24 வயது. ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதும் வேலை. பில் போடும்போது கடைக்காரர் ‘கூலி, விலை, லாபம்’ என்ற சின்னப் புத்தகத்தை எடுத்து மேலே வைத்து, “முதல்ல இதைப் படிங்க தம்பி, ரெண்டு ராத்திரியில முடிஞ்சிரும்” என்றார். நான் அதை மெல்ல நகர்த்தி வைத்தேன். கிணற்றில் நீந்தப் பழகுகிற பையன்களுக்கு இடுப்பில் சுரைக்குடுவை கட்டுவார்களே, எனக்கே அதைக் கட்டப் பார்க்கிறார் என்று ரோஷம்.

அவர் சொன்ன இரண்டு ராத்திரிக் கணக்கு எவ்வளவு பொருத்தம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தச் சின்னப் புத்தகமே 1865 ஜூன் மாதம் லண்டனில் இரண்டு கூட்டங்களில் மார்க்ஸ் பேசிய பேச்சு. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் தச்சரும் தையல்காரரும் இருந்தார்கள். கூலி உயர்ந்தால் விலைவாசியும் உயர்ந்துவிடும், கூலி உயர்வு கேட்பதில் என்ன பிரயோசனம் என்று வெஸ்டன் என்ற தச்சர் கிளப்பிய வாதத்துக்குப் பதிலாக அந்தப் பேச்சு. மார்க்ஸ் இறந்து பல வருஷம் கழித்து 1898ல் மகள் எலினார் அச்சுக்குக் கொண்டுவந்தார். மார்க்ஸ் ஒரு தச்சருக்கு உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்த இடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அவர் ஜெர்மன் பேராசிரியர்களைத் தலைகிறுகிறுக்க வைத்த இடத்துக்கு நான் நேராகப் போனேன்.

முதல் அத்தியாயம் சரக்கு. இருபது கஜம் லினன் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்று ஆரம்பித்து, அந்தச் சமன்பாட்டை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஒப்பீட்டு வடிவம், சமதை வடிவம், விரிந்த வடிவம் என்று போகும். முதல் பத்துப் பக்கம் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அடுத்த பத்தில் எல்லா வரிக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்கடுத்த பத்தில் ஓரத்தில் கேள்விக்குறிகள். எழுபதாவது பக்கத்தையொட்டி ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும். அது வெகுகாலம் அங்கேயேதான் இருந்தது.

அதோடு மூடி வைத்திருந்தால் என் அறியாமை என்னோடு போயிருக்கும். புரியாத சொற்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஒரு போதை உண்டு. வாயில் போட்டுக்கொண்டால் இறங்காது. நான் சிங்காநல்லூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் வாசிப்பு வட்டம் ஆரம்பித்தேன். ஞாயிறு சாயங்காலம். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்குவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இதே புத்தகத்தைத் தியாகு என்ற ஆயுள் கைதி சிறையில் உட்கார்ந்து தமிழாக்கினார். ஜமதக்னி என்ற சுதந்திரப் போராட்டத் தியாகியும் தமிழாக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுபது பக்கம் படித்த நான் அவர்களையெல்லாம் தேடிப் போகவில்லை.

ஆறு பேர் வந்தார்கள். ரிடையரான தபால்காரர் ஒருவர், ஒரு டெய்லர், பக்கத்து மில்லில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபர் வேலை பார்த்த இரண்டு இளவட்டங்கள், அவர்களுக்குத் தூரத்து உறவில் ஒருவர், அப்புறம் ஸ்பின்னிங்கில் ஓடிய ஓர் அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழுநைட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கியும் தூங்காமலும் வந்து உட்காருவார். காதோர முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

முதல் வாரமே டெய்லர் என்னைக் கவிழ்த்துவிட்டார். சிலேட்டில் ‘20 கஜம் லினன் = 1 கோட்டு’ என்று எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒரு கோட்டுக்கு நாலு கஜம் போதுமுங்களே, மீதித் துணி எங்க போச்சு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இது தைக்கிற கணக்கு இல்லை, மதிப்பின் கணக்கு என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். மீதி எங்கே போகிறது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பிற்பாதி முழுக்க வருகிற கேள்வி. அதை அவர் முதல் வாரமே கேட்டுவிட்டது எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நான்தான் அவ்வளவு தூரம் போகவில்லையே.

இரண்டாம் வாரம் ஸ்பின்னிங் அண்ணன் வாயைத் திறந்தார்.

“தம்பி, எனக்கு ஒரு சந்தேகமுங்க. சாப்பாட்டுக்கு அரைமணி விடறாங்க. ஆனா மெஷினு நிக்காதுங்களே. என்ற சைடைப் பக்கத்துக்காரன் பாத்துக்கோணும். இழை அறுந்து கிடந்தா மேஸ்திரி சத்தம் போடுவான்னு, சோத்தை வாயில போட்டுட்டு இருவது நிமிசத்துல ஓடியாந்திருவோம். அதுல பத்து போச்சுங்களா? காலையில சங்கு ஊதறதுக்குப் பத்து நிமிசம் முன்னாலயே உள்ள போயி மெஷினைத் தொடச்சு வெக்கோணும். அதுல பத்து. இந்த இருவது நிமிசம் எந்தக் கணக்குல சேருமுங்க?”

சொல்லிவிட்டு எழுந்து வந்து, சாக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சிலேட்டின் கீழ்மூலையில், என் லினனுக்கும் கோட்டுக்கும் அடியில், 20 x 26 என்று போட்டார். மாசத்துக்கு 26 நாள் வேலை. 520 வந்தது. “ஒரு ஷிப்ட்டு எட்டு மணி நேரமுங்க, நானூத்தி எம்பது நிமிசம். மாசத்துல ஒரு ஷிப்ட்டுச் சும்மா ஓட்டறோம், மேல நாப்பது நிமிசம் கொசுறு.” அதற்குக் கீழே 520 x 12 என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் நான் சமதை வடிவத்தை முடித்தாக வேண்டும். “அண்ணா, அதெல்லாம் பின்னால வரும். மொதல்ல சரக்குன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும்” என்று சொல்லி, உள்ளங்கையால் சிலேட்டை அழித்தேன். கீழ்மூலை உட்பட. அவர் சாக்கட்டியைப் பத்திரமாக ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் வாரம் டாஃபர் பையன்கள் வரவில்லை. எங்களுக்கு மூளை பத்தாதுங்க என்று தபால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு டீ வருகிற இடைவெளியில் ஸ்பின்னிங் அண்ணன் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆங்கிலம் தெரியாது. தாள்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். பிறகு, குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லாமல், “இவ்வளவுதான் ஓடியிருக்குதாட்ட இருக்குதுங்க” என்றார். பாபினில் எத்தனை நூல் ஏறியிருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்க்கிற கண்.

நான் உடனே சொன்னேன்: “இது ரெண்டாவது காப்பிண்ணா. படிச்ச காப்பியை ஃப்ரெண்டு வாங்கிட்டுப் போயிட்டான்.”

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! ஐந்தாம் வாரம் நானும் தபால்காரரும் மட்டும் இருந்தோம். ஆறாம் வாரம் சைக்கிள் கடைக்காரர் மாடியில் பழைய டயர்களைப் போட்டுவிட்டார். 1872ல் மூலதனம் ரஷ்ய மொழியில் வந்தபோது சார் மன்னரின் தணிக்கை அதிகாரிகள், இதைப் படித்து யாருக்கும் புரியப் போவதில்லை என்று அனுமதித்தார்களாம். நான் நாலே வாரத்தில் அவர்கள் கட்சியை நிரூபித்திருந்தேன். ரஷ்யாவில் அந்தக் கணிப்பு பொய்த்தது, புத்தகம் மளமளவென்று விற்றது.

இதற்குப் பிறகான வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நண்பர்கள் மத்தியில் ‘மூலதனம் படிச்சவர்’ என்று எனக்கொரு பட்டம் இருந்தது. நானாகக் கேட்டு வாங்கியதில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததும் இல்லை. கூட்டங்களில் யாராவது அந்தப் புத்தகத்தைத் தொட்டால் லேசாகப் புன்னகைத்துவிட்டு, அவ்வளவு சுலபமில்லைங்க என்பேன். அது மட்டும் உண்மை.

2001 என்று நினைவு. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்பின்னிங் அண்ணனைப் பார்த்தேன். மில்லை மூடிவிட்டார்கள், ஒரு குடோனில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். என்னை அவர்தான் அடையாளம் கண்டுபிடித்தார்.

“அந்தப் புஸ்தகம் முடிச்சுட்டீங்களா தம்பி?”

“அப்பவே முடிச்சுட்டேண்ணா.”

“அதுல அந்தச் சாப்பாட்டு நேரத்தைப் பத்தி, நிமிசத்தைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா? பின்னால வரும்னீங்க.”

என் பஸ் வந்துகொண்டிருந்தது. “இல்லீங்கண்ணா” என்றேன். “அது வேற மாதிரிப் புஸ்தகம். தத்துவம்.”

“அதான பாத்தேன். நம்ம சங்கதியெல்லாம் புஸ்தகத்துல எதுக்குப் போடப் போறாங்க” என்று சிரித்துக்கொண்டே கைகாட்டி அனுப்பிவைத்தார்.

அப்புறம் பன்னிரண்டு வருஷம். 2013ல் அக்கா மகள் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். மாமா, மார்க்ஸை எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று கேட்டாள். எனக்குப் பதில் தயாராக இருந்தது: முதல் பக்கத்திலிருந்து. அவளும் பொறுப்பாக ஆரம்பித்தாள். பத்து நாளில் திரும்பி வந்து, “எனக்கு மூளை பத்தாது மாமா” என்றாள்.

அந்த வாக்கியம் எங்கேயோ இடித்தது. இவளுக்கு வேறு ஏதாவது கொடுக்கலாமா என்று தேடியபோது, பழைய மாஸ்கோ கட்டில் மார்க்ஸ், எங்கெல்ஸ் கடிதத் தொகுப்பு கையில் கிடைத்தது. அதையும் வாங்கி வைத்ததோடு சரி. புரட்டிக்கொண்டே போனால் 1867 நவம்பர் 30 தேதியிட்ட ஒரு கடிதம். ஹானோவர் நகரத்து டாக்டர் கூகல்மனுக்கு மார்க்ஸ் எழுதியது. புத்தகம் அந்த செப்டம்பரில்தான் ஹாம்பர்க்கில் வெளியாகியிருந்தது, ஆயிரம் பிரதிகள். டாக்டரின் மனைவிக்குப் படிக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது? மார்க்ஸ் சொல்கிறார்: வேலைநாள் பற்றிய பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கூட்டு வேலை, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள். கடைசியில் ஆதித்திரட்டல். புரியாத கலைச்சொற்களை நீங்கள் விளக்கிக் கொடுங்கள்.

முதல் அத்தியாயத்தின் பேச்சே அதில் இல்லை.

கட்டிய ஆளே கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, இப்படி வாங்கம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். நான் 19 வருஷமாக முன்வாசல் பூட்டில் மண்டையை முட்டிக்கொண்டிருந்ததோடு, பின்னால் வந்தவர்களையும் வரிசையில் நிறுத்தி முட்ட வைத்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் பண்டிதர்களுக்குள் சண்டை உண்டு. பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூசர் 1969ல், முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்றே எழுதினார். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடிக்கு ஏறலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அந்தச் சமன்பாடு புரியாமல் மற்றது முழுசாகப் பிடிபடாது. எழுபது பக்கத்தில் நின்றவன் அந்தப் பஞ்சாயத்தில் நாட்டாமை பண்ண முடியாது.

அன்று ராத்திரி மூலதனத்தை இறக்கினேன். வேலைநாள், ஆங்கிலப் பதிப்பில் பத்தாவது அத்தியாயம். இருநூறு பக்கம் தாண்டி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இடம். ஆள்காட்டி விரலை நுழைத்துப் பிரித்தேன்.

சமன்பாடு எதுவும் தலைகாட்டாமல் பக்கம் பக்கமாக ஆட்கள் வந்தார்கள். வில்லியம் வுட் என்ற ஒன்பது வயதுப் பையன். மட்பாண்டத் தொழிலில் சேரும்போது ஏழு வயசு பத்து மாசம். காலை ஆறு மணிக்கு வந்தால் ராத்திரி ஒன்பதுக்குப் போவான், அச்சுகளைச் சூடான அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் காலி அச்சோடு திரும்பி ஓடுவதும் வேலை. மேரி ஆன் வாக்லி, இருபது வயது, லண்டனில் சீமாட்டிகளுக்கு உடுப்புத் தைக்கும் கடை. 1863 ஜூன். புதிதாக வந்த இளவரசிக்காக நடக்கும் நடன விருந்துக்கு உடைகள் முடிய வேண்டும் என்று அறுபது பெண்களோடு சேர்ந்து இருபத்தாறரை மணி நேரம் விடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். டெய்லருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கு வந்துவிட்டது. முதல் தடவை படிக்கும்போது வேகமாகத் தாண்டிவிட்டேன். தாண்டின பிறகு எதுவோ சட்டையைப் பிடித்து இழுத்தது. திரும்ப வந்தேன்.

அரசாங்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கையிலிருந்து மார்க்ஸ் எடுத்துப் போட்டிருக்கிறார். ஆலை முதலாளி சட்டத்தை ஏமாற்றி நிமிஷங்களை எப்படித் திருடுகிறார் என்று லியனார்ட் ஹார்னர் மாதிரியான அதிகாரிகள் வரிவரியாக எழுதி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கால்மணி நேரம் முன்னால் மெஷின் ஓட ஆரம்பிக்கும். சாயங்காலம் கால்மணி பிந்தி நிற்கும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம், பின்னால் ஐந்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து. கூட்டினால் நாளுக்கு 60. சனிக்கிழமை 40. வாரத்துக்கு ஐந்து மணி நாற்பது நிமிஷம். அதை வருஷத்துக்கு 50 வாரம் என்று பெருக்கினால்…

பெருக்குக்குறி வந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது அச்செழுத்து இல்லை. சிலேட்டின் கீழ்மூலை. கொஞ்சம் சாய்ந்த 520. அதன் பக்கத்தில் பன்னிரண்டு. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் சாக்கட்டிப் பொடி படிந்த ஈரமில்லாத உணர்வுகூடத் திரும்பி வந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நீலப் புத்தகங்கள் என்ற அரசாங்க அறிக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து மார்க்ஸ் தேடிப் பிடித்த கணக்கை, சைக்கிள் கடை மாடியில் ஒரு மனுஷன் தானாகவே எழுந்து வந்து போட்டார். பின்னால வரும் என்றேன். வந்திருந்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் வைத்து, வரவே இல்லை என்றும் சொன்னேன்.

வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை. பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தேன்.

அவரைக் கண்டுபிடிக்க இரண்டு மாசம் ஆனது. தபால்காரர் காலமாகியிருந்தார். அவருடைய மகன் விசாரித்துச் சொன்னார். நீலிக்கோணாம்பாளையம் பக்கம் ஒரு சந்தில், மகள் வீட்டோடு இருந்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். சிரித்தார், ஆனால் பார்வை என் உதட்டில் இருந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “அப்பாவுக்குக் காது கேக்காதுங்க. மில்லுச் சத்தத்துல போனது. நல்லாச் சத்தமாப் பேசுங்க” என்றாள்.

நூற்றுக்கணக்கான ரிங் ஃபிரேம் ஸ்பிண்டில்கள் சுற்றும் இடத்தில் அவர் எத்தனை வருஷம் நின்றாரோ. 1994ல் அவருக்குக் காது கேட்டது. 2001லும் கேட்டது.

நான் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சந்தே அதிரும்படி மார்க்ஸைக் கத்தினேன். “காலையில கால்மணி! சாயங்காலம் கால்மணி! சோத்து நேரத்துல இருவது!” எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து நின்றுகொண்டாள். பாக்கி வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டும், “பெரியவர்கிட்ட எதுக்குங்க சத்தம் போடறீங்க?” என்று கேட்டே விட்டாள். நான் அவளுக்கு என்னவென்று சொல்வேன்?

அண்ணன் கீரையைக் கீழே வைத்துவிட்டார். நான் விரல்களை விரித்துக் காட்டி, வாரத்துக்கு ஐந்து மணி நாற்பது நிமிஷம், வருஷத்துக்கு 50 வாரம் என்றேன்.

“அம்பத்திரெண்டு வாரமாச்சே?” என்றார், அவரும் கத்தித்தான்.

“லீவு போக!”

“ஆ. லீவு கழிச்சிருக்காங்களா. அது சரி.” கொஞ்சம் யோசித்தார். “எவ்வளவு வருது?”

“இருபத்தேழு நாள்! வருஷத்துக்கு இருபத்தேழு நாள் சும்மா!”

அவர் எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கி, படிக்க முடியாத அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். கீரைச்சாறு பட்ட விரலை அந்த வரிமேல் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

“இங்கிலீஷ்காரன் மில்லு மோசமுங்க தம்பி” என்றார். “நம்மது பதிமூணு ஷிப்ட்டுதான் வந்துச்சு.”